முதல் கணித ஆய்வுக்கட்டுரையை ஆர்க்கைவில் ஏற்றுவது எப்படி

என் முதல் கட்டுரையை எழுதி முடித்த நாளுக்கும், உலகத்தில் யாராவது தேடினால் அது கிடைக்கும் என்ற நிலை வந்த நாளுக்கும் நடுவில் ஏழு மாதம் ஓடிவிட்டது. நிரூபணத்தில் பிழை எதுவும் இல்லை. என் பெயரை எப்படி எழுதுவது, யாரிடம் பரிந்துரை கேட்பது, ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயங்களில்தான் அத்தனை மாதமும் போனது. அதே நேரத்தில், நான் நிரூபித்ததில் பாதியை வேறு நாட்டில் இருவர் நிரூபித்து ஏற்றிவிட்டார்கள். அவர்களுக்கு என்னைத் தெரிய வழியே இல்லை, எனக்கும் அவர்களைத் தெரியாது. அது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆர்க்கைவ் என்பது ஜர்னலுக்குப் போகும் முன்பே கட்டுரைகளை இலவசமாக எல்லாரும் படிக்கும்படி வைக்கும் தளம், பல ஆண்டுகள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. பெயரை ஏ, ஆர், எக்ஸ், ஐ, வி என்று எழுதுவார்கள், எக்ஸை கிரேக்க எழுத்தான ‘கை’ போல வாசிக்க வேண்டும். கணிதத்தில் பல துறைகளில் காலையில் எழுந்ததும் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று அங்கேதான் பார்க்கிறார்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் ஆராய்ச்சி செய்கிற பலர் அங்கே இல்லை. கணிதத் திறமை குறைவு என்பதால் இல்லை, வழி தெரியாததால்.

கட்டணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எந்தப் படிக்கும் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. யாராவது “ஆர்க்கைவில் போட்டுத் தருகிறேன், இவ்வளவு ஆகும்” என்று சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள்.

1. முதலில் உங்கள் பெயரை முடிவு செய்யுங்கள்

இதை முதல் படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்றதையெல்லாம் பிறகு திருத்தலாம், பெயர்க் குழப்பத்தைத் திருத்த வருடக்கணக்கில் ஆகும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். செல்வி என்று ஒருவர், அப்பா கந்தசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் சான்றிதழில் “செல்வி கே”, பாஸ்போர்ட்டில் “செல்வி கந்தசாமி”, கைடு போட்ட பேப்பரில் “கே. செல்வி”. வெளிநாட்டுத் தரவுத்தளங்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். அதனால் மூன்றாவது இடத்தில் அவர் செல்வி, இரண்டாவது இடத்தில் “கந்தசாமி, எஸ்.”, முதல் இடத்தில் வெறும் “கே”. ஒரே ஆள் மூன்று ஆளாகி, மேற்கோள்களில் ஒரு பங்கு அப்பா பேரில் போய்ச் சேரும். திருமணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றிக்கொள்ளும் பெண்களுக்கு இது நான்கு ஆளாகும். ழகரம் உள்ள பெயர் என்றால் ஆங்கிலத்தில் எந்த எழுத்துப் போடுவது என்பதிலும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி வரும்.

எனவே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் இனிஷியலை விரித்து முழுச் சொல்லாக எழுதுங்கள், ஏனென்றால் வெறும் ஒற்றை எழுத்தும் பொதுவான பெயரும் சேர்ந்தால் உங்களைப் போல நூறு பேர் இருப்பார்கள். தேர்ந்தெடுத்த வடிவத்தை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். இனிமேல் எல்லாக் கட்டுரையிலும், எல்லா மின்னஞ்சலிலும் அதுதான்.

அப்புறம் ஆர்க்கிட் எண் வாங்குங்கள், பெயர் எப்படி மாறினாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் எண் அது. பதினாறு இலக்கம், ஐந்து நிமிட வேலை. அதில் மற்ற பெயர்கள் என்று ஒரு பகுதி இருக்கும், அங்கே பழைய வடிவங்கள் எல்லாவற்றையும், தமிழ் எழுத்தில் உள்ள பெயரையும் சேர்த்துவிடுங்கள். பதிவு செய்யும்போது கல்லூரி மின்னஞ்சல், சொந்த மின்னஞ்சல் இரண்டையும் கொடுங்கள்.

2. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

கட்டுரையின் லேடெக் மூல ஃபைல். லேடெக் என்பது கணிதத்தைக் கட்டளைகளாக எழுதி அச்சு வடிவில் பெறும் மென்பொருள். பிடிஎஃப் மட்டும் போதாது. லேடெக்கில் செய்த கட்டுரையை ஆர்க்கைவ் பிடிஎஃப்பாக வாங்கிக்கொள்ளாது, மூலத்தைக் கேட்டு, தன் சர்வரில் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். வேர்டில் அடித்ததை பிடிஎஃப்பாகக் கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் கணிதக் கட்டுரை வேர்டில் வந்தால் படிப்பவர் திறக்கும் முன்பே தயங்குவார், இது நியாயமோ இல்லையோ நடப்பது அதுதான். டிடிபி கடையில் கொடுத்து லேடெக் அடித்து வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் பிடிஎஃப்போடு மூல ஃபைல்கள், படங்கள் எல்லாவற்றையும் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு கமா திருத்தவும் திரும்ப அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும். இரண்டு வாரம் ஒதுக்கினால் நீங்களே கற்றுக்கொள்ளலாம், இணையத்திலேயே லேடெக் எழுத உதவும் ஓவர்லீஃப் தளத்தின் இலவசக் கணக்கு இருபது பக்கக் கட்டுரைக்குத் தாராளமாகப் போதும்.

இணை ஆசிரியர்கள் எல்லாருடைய சம்மதம், மின்னஞ்சலில். கைடும் இணை ஆசிரியர் என்றால் அவருடையதும். வாய்ப்பேச்சில் “சரி, போடும்மா” என்றாலும், இறுதி வடிவத்தை அனுப்பி “இதை ஏற்றுகிறேன்” என்று எழுதி ஒரு பதில் வாங்கிவிடுங்கள். ஒருமுறை வெளிவந்தால் அழிக்க முடியாது என்பதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

சுருக்கம், 1920 எழுத்துக்குள். இடைவெளிகளும் அதில் சேரும். உங்கள் கட்டுரைக்கென்று நீங்கள் உருவாக்கிய லேடெக் கட்டளைகள் சுருக்கத்தில் வேலை செய்யாது, அவற்றை விரித்து எழுதுங்கள். மேற்கோள் எண்களும் வேண்டாம், “[7]-இல் உள்ள முடிவு” என்றால் சுருக்கம் மட்டும் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

கணிதப் பாட வகைப்பாட்டு எண். எம்எஸ்சி எண் என்பார்கள், பட்டப்படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தற்போது 2020 பதிப்பு நடப்பில் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் பெரும்பிரிவு, பிறகு ஒரு எழுத்து, பிறகு இரண்டு இலக்கம். 05 என்றால் சேர்வியல் (காம்பினடோரிக்ஸ்), 05சி என்றால் கிராஃப் தியரி, 05சி15 என்றால் கிராஃப்களுக்கு நிறமிடுதல். வெறும் 05 என்று நிறுத்தாமல் ஐந்து இடமும் வரும்படி முதன்மையாக ஒன்று, துணையாக ஒன்றிரண்டு குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மேற்கோள் பட்டியலில் உள்ள நெருக்கமான மூன்று கட்டுரைகள் எந்த எண்ணைப் போட்டிருக்கின்றன என்று பார்ப்பதுதான் சுலபமான வழி. கணித வெளியீடுகளின் தரவுத்தளமான இசட்பிமேத் ஓப்பனில் கட்டுரைத் தலைப்பைத் தட்டினால் எண் தெரியும், 2021-லிருந்து அந்தத் தளம் யாருக்கும் இலவசம்.

3. கணக்கும் எண்டார்ஸ்மென்ட்டும்

பெரும்பாலானவர்கள் நின்றுவிடும் இடம் இது. நானும் மூன்று மாதம் இங்கேதான் நின்றேன்.

கணக்கு திறக்கும்போது கல்லூரி அல்லது பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுங்கள். உங்கள் துறையில் அது இல்லையென்றால் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், பல இடங்களில் கேட்டால் தருகிறார்கள், கேட்கிற ஆள்தான் இல்லை. ஆனால் அந்த மின்னஞ்சல் இருந்தாலே உள்ளே விட்டுவிடுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். புதிதாக ஏற்றுபவருக்கு, அந்தப் பிரிவில் ஏற்கனவே கட்டுரை ஏற்றிய ஒருவரின் பரிந்துரை வேண்டும் என்று கேட்பார்கள். எண்டார்ஸ்மென்ட் என்பது இதுதான். விதிகள் அவ்வப்போது இறுகுகின்றன, ஆகவே சமர்ப்பிக்கும் வாரத்தில் அவர்கள் உதவிப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நடைமுறை இப்படி: நீங்கள் சமர்ப்பிப்பைத் தொடங்கிப் பிரிவைத் தேர்ந்ததும், எண்டார்ஸ்மென்ட் தேவை என்றால் ஆறு எழுத்துக் குறியீடு ஒன்று உங்களுக்கு மின்னஞ்சலில் வரும். அதைப் பரிந்துரைப்பவருக்கு அனுப்ப வேண்டும். அவர் தன் கணக்கில் நுழைந்து அந்தக் குறியீட்டைப் பதிந்தால் முடிந்தது, அவருக்கு இரண்டு நிமிட வேலை. உங்கள் நிரூபணம் சரி என்று அவர் சான்று தருவதாக அர்த்தமில்லை. இந்த ஆள் இந்தத் துறையில் உண்மையாக வேலை செய்கிறார், கட்டுரை இந்தப் பிரிவுக்குப் பொருத்தமானது என்று மட்டும்தான் சொல்கிறார். கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பயம் பாதி குறையும்.

யாரைக் கேட்பது? கைடு அங்கே கட்டுரை ஏற்றியிருந்தால் பிரச்சினையே இல்லை. என் கைடு முப்பது பேப்பர் எழுதியவர், ஒன்றும் ஆர்க்கைவில் இல்லை. அடுத்தது, பயிலரங்கங்களில் பார்த்துப் பேசியவர்கள். சென்னைக் கணித அறிவியல் நிறுவனம், சிஎம்ஐ (சென்னை மேத்தமேடிக்கல் இன்ஸ்டிட்யூட்) போன்ற இடங்களில் நடக்கும் பயிலரங்குகளுக்குப் போயிருந்தால் அங்கே பாடம் எடுத்தவருக்கு எழுதலாம். மூன்றாவது வழி, நீங்கள் யாருடைய தேற்றத்தைப் பயன்படுத்தி அடுத்த படி எடுத்தீர்களோ அவருக்கே எழுதுவது. அவர் கட்டுரையின் சுருக்கப் பக்கத்தில் கடைசியில், இந்த ஆசிரியர்களில் யார் பரிந்துரைக்கத் தகுதியுள்ளவர் என்று காட்டும் இணைப்பு ஒன்று இருக்கும், உங்கள் கணக்கில் நுழைந்துவிட்டு அழுத்திப் பாருங்கள்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். பதினொரு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன், “மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு” என்று தொடங்கி, என் கல்லூரி பற்றி ஒரு பத்தி, தயவுசெய்து உதவுங்கள் என்று ஒரு பத்தி. கட்டுரையை இணைக்கவும் இல்லை. ஒரு பதிலும் வரவில்லை, வந்திருக்கவும் நியாயமில்லை, பலருக்கு மொத்தமாக அனுப்பாதீர்கள் என்று ஆர்க்கைவே சொல்கிறது. பிறகு ஒரே ஒருவருக்கு எழுதினேன். உங்கள் இன்ன கட்டுரையின் இன்ன தேற்றத்தில் இன்ன நிபந்தனையை நீக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தேன், இது கிடைத்தது, பிடிஎஃப் இணைத்திருக்கிறேன், பொருத்தம் என்று நினைத்தால் இந்தக் குறியீட்டைப் பதிய முடியுமா, இன்னார், இன்ன பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். எட்டு வரி. நான்காம் நாள் பதில் வந்தது. பரிந்துரைத்ததோடு, நான் பார்க்காத ஒரு கட்டுரையையும் சுட்டிக்காட்டியிருந்தார், அதனால் என் முன்னுரையே மாறியது. இதுதான் வேண்டும். எண்டார்ஸ்மென்ட் ஒரு முத்திரை போலத் தோன்றினாலும், உங்கள் வேலையை உலகத்தில் புரிந்துகொள்ளக்கூடிய முதல் ஆளோடு அங்கேதான் பேச்சு தொடங்குகிறது.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல், அதற்கும் வராவிட்டால் அடுத்த ஆள். இந்தப் படிக்கு ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. பிரிவைத் தேர்ந்தெடுப்பது

கணிதத்துக்குள் முப்பதுக்கு மேல் உட்பிரிவுகள் உண்டு. கிராஃப் தியரி என்று தனியாக இல்லை, காம்பினடோரிக்ஸில் அடங்கும். முதன்மைப் பிரிவு ஒன்று, தேவைப்பட்டால் இன்னொன்றில் குறுக்குப் பட்டியலிடலாம். நிறையப் பேர் பார்க்கட்டும் என்று ஐந்து பிரிவில் போடாதீர்கள், வருகிற கட்டுரைகளைப் பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்துநர்கள் எடுத்துவிடுவார்கள், தாமதமும் ஆகும். ஜெனரல் மேத்தமேடிக்ஸ் என்ற பிரிவைப் “பொதுவானது, பாதுகாப்பானது” என்று நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் துறைக்காரர்கள் அங்கே வந்து பார்ப்பதில்லை.

5. ஃபைல்களைத் தயார் செய்வது

உங்கள் கணினியில் பிழையில்லாமல் ஓடிய ஃபைல் அங்கே ஓடாது என்ற நிலை முதல் முறை கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும். காரணங்கள் பெரும்பாலும் இவைதான்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸில் படத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்து, கட்டுரைக்குள் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாலும் ஓடிவிடும். ஆர்க்கைவ் சர்வருக்கு அவை இரண்டும் வெவ்வேறு ஃபைல். என் கட்டுரையில் நான்கு படம், நான்கும் இப்படித்தான் இருந்தன, பிழைச் செய்தியைப் படிக்கத் தெரியாமல் இரண்டு நாள் கட்டுரைக்குள் பிழை தேடினேன். ஃபைல் பெயரில் இடைவெளி, அடைப்புக்குறி எதுவும் வேண்டாம். “ஃபைனல் புதியது (2)” என்கிற பாணிப் பெயர்களை முதலில் மாற்றுங்கள்.

மேற்கோள் பட்டியல். பட்டியலைத் தானாக அமைக்கும் பிப்டெக்ஸ் பயன்படுத்தினால் பிபிஎல் என்று முடியும் ஃபைல் ஒன்று உருவாகியிருக்கும், அதையும் சேர்த்து அனுப்புங்கள். அதன் பெயர் முதன்மை டெக்ஸ் ஃபைலின் பெயரோடு ஒத்திருக்க வேண்டும். ஓவர்லீஃபில் ஆர்க்கைவுக்கான சமர்ப்பிப்பு வழியாகப் பதிவிறக்கினால் அது தானாகவே தொகுப்புக்குள் வரும். இது இல்லாமல் போனால் கட்டுரை முழுக்க மேற்கோள் எண்களுக்குப் பதில் கேள்விக்குறிகள் நிற்கலாம்.

தேதி. இன்றைய தேதியைத் தானாகப் போடும் கட்டளையை எடுத்துவிட்டு, தேதியைக் கையால் எழுதுங்கள். சர்வர் எப்போதாவது மறுபடி பிடிஎஃப் உருவாக்கினால், கட்டுரையில் அன்றைய தேதி விழுந்துவிடும். யார் முதலில் என்ற கேள்வி வரும்போது அது தேவையில்லாத குழப்பம்.

கருத்துரைகள். இதைத் தயவுசெய்து கவனியுங்கள். நீங்கள் ஏற்றும் மூல ஃபைலை யார் வேண்டுமானாலும் பதிவிறக்கலாம். சதவீதக் குறி போட்டு மறைத்துவைத்த வரிகள் எல்லாம் அதில் தெரியும். “இந்த லெம்மா சரியா என்று சாரிடம் கேட்க வேண்டும்”, “ரெஃபரிக்குப் புரியவில்லை, விடு” என்று எழுதிவைத்திருப்போம். வெளியிடாத அடுத்த முடிவின் குறிப்பையும் அங்கேதான் வைத்திருப்போம். ஏற்றும் முன் ஒரு பிரதி எடுத்து, அதில் சதவீதக் குறியைத் தேடித் தேடி எல்லாவற்றையும் அழியுங்கள். தேவையில்லாத பழைய ஃபைல்களையும் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாக ஏற்றுங்கள். ஓடி முடிந்ததும் அவர்கள் காட்டும் பிடிஎஃப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள், புரட்டினால் போதாது. பாதியில் நிறுத்தினால் வரைவு இரண்டு வாரம் அங்கே இருக்கும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

6. உரிமம்

ஒரு பட்டியல் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அவசரத்தில் முதலில் கண்ணில் பட்டதை அழுத்திவிடக் கூடாது, கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. ஜர்னலுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஆர்க்கைவின் சொந்த உரிமம், அதாவது வெளியிடும் அனுமதியை மட்டும் அவர்களுக்குத் தரும், மற்ற உரிமைகளை உங்களிடமே விடும் உரிமம், பெரும்பாலும் போதும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் நல்லவைதான், ஆனால் நீங்கள் அனுப்ப நினைக்கும் ஜர்னல் அதை ஏற்குமா என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஜர்னலின் கொள்கையைப் பார்க்க, ஷெர்பா ரோமியோ என்று நெடுநாள் அழைக்கப்பட்ட தளம் இருக்கிறது, இப்போது அதன் பெயர் ஓப்பன் பாலிசி ஃபைண்டர். கணித ஜர்னல்களில் பெரும்பாலானவை முன்பதிப்பை அனுமதிக்கின்றன. “ஆர்க்கைவில் போட்டால் ஜர்னல் எடுக்காது” என்று துறையில் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள், அதனால் இரண்டு மாதம் போனது. கேள்விப்பட்டதை வைத்து முடிவு செய்யாமல், அந்த ஜர்னலின் பக்கத்தைத் திறந்து படியுங்கள்.

7. எந்த நேரத்தில் அழுத்துவது

தினசரிக் கெடு அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பிற்பகல் 2 மணி, திங்கள் முதல் வெள்ளி வரை. பட்டியல் வெளியாவது அங்கே இரவு 8 மணிக்கு, ஞாயிறு முதல் வியாழன் வரை. நமக்கு மாற்றினால், அவர்கள் கோடை நேரத்தில் இருக்கும் மாதங்களில் கெடு இரவு 11.30, வெளியாவது விடிகாலை 5.30. குளிர்கால நேரத்தில், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை, கெடு நள்ளிரவு 12.30, வெளியாவது காலை 6.30.

வெள்ளிக்கிழமை இரவுக் கெடுவைத் தாண்டினால் செவ்வாய் காலையில்தான் வரும். அவசரம் இருந்தால் வியாழன் இரவுக்குள் முடித்தால் வெள்ளி காலையில் கிடைக்கும், வெள்ளி பகலில் போட்டது திங்கள் காலையில். கெடு வரும் வரை சமர்ப்பித்ததைத் திரும்ப எடுத்துத் திருத்தலாம். அதனால் கடைசி நிமிடத்தில் அழுத்தாமல், காலையில் ஏற்றிவிட்டு, ஒரு சாப்பாடு முடித்து, மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். தலைப்பில் எழுத்துப்பிழை எனக்கு அந்த இரண்டாவது வாசிப்பில்தான் கண்ணில் பட்டது.

8. நிறுத்திவைத்தால்

சில கட்டுரைகளை மட்டுறுத்துநர்கள் நிறுத்திவைத்துப் பார்ப்பார்கள். நிலை என்ற இடத்தில் ஹோல்டு என்று காட்டும். சில நாள் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். இது நிராகரிப்பு இல்லை. புதியவர், பிரிவு பொருந்துமா என்ற சந்தேகம், பெரிய பழைய அனுமானம் ஒன்றை நிரூபித்துவிட்டதாகத் தலைப்பு, இப்படி ஏதாவது காரணம் இருக்கும். அந்த நேரத்தில் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றாதீர்கள், வரிசையில் பின்னால் போவீர்கள். தினமும் மின்னஞ்சல் அனுப்புவதிலும் பயனில்லை, அவர்களில் பலர் சம்பளமில்லாமல் நேரம் ஒதுக்கும் கணிதவியலாளர்கள்.

9. வெளிவந்த பிறகு

எண் கிடைக்கும்: ஆண்டும் மாதமுமாக நான்கு இலக்கம், புள்ளி, பிறகு ஐந்து இலக்கம். அதோடு ஒரு டிஓஐ எண்ணும், அதாவது கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாளமும், தானாக வரும். கட்டுரைக்கான கடவுச்சொல் ஒன்றும் தருவார்கள், அதை இணை ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள், அவர்கள் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். ஆர்க்கிட்டை ஆர்க்கைவ் கணக்கோடு இணையுங்கள்.

முதல் வாரத்தில் மின்னஞ்சல் வரலாம். “என் இன்ன கட்டுரையைச் சேர்க்க விட்டுவிட்டீர்கள்” என்று வந்தால் கோபப்படாதீர்கள், படித்துப் பார்த்து நியாயமாக இருந்தால் நன்றி சொல்லிச் சேருங்கள். பிழை கண்டுபிடித்து எழுதினால் இன்னும் நல்லது. திருத்தத்தை இரண்டாம் பதிப்பாக ஏற்றலாம், பழையதும் அங்கேயே இருக்கும். ஒவ்வொரு கமாவுக்கும் ஒரு பதிப்பு வேண்டாம், இரண்டு மூன்று வாரம் சேர்த்துவைத்து ஒரே முறையாக ஏற்றுங்கள், என்ன மாற்றினீர்கள் என்று குறிப்பு இடத்தில் ஒரு வரி எழுதுங்கள். பெரிய பிழை என்றால் திரும்பப் பெறலாம், ஆனால் முந்தைய பதிப்பு யார் கண்ணிலும் படாமல் போகாது. பின்னால் ஜர்னலில் வந்ததும் அதன் பெயர், தொகுதி, டிஓஐ ஆகியவற்றைப் புதிய பதிப்பு ஏற்றாமலே சேர்க்க முடியும். இதை ஏராளமானவர்கள் செய்வதில்லை, அதனால்தான் ஒரே கட்டுரை இரண்டு தனிக் கட்டுரைகளாகத் திரிகிறது.

கட்டுரையில் ஒரு முழுஎண் தொடர் வந்திருந்தால் அதை முழுஎண் தொடர்களின் இணையக் கலைக்களஞ்சியத்தில் தேடுங்கள். நீல் ஸ்லோன் 1964-இல் சேகரிக்கத் தொடங்கியது, இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேல் தொடர்கள் இருக்கின்றன. உங்கள் தொடர் அங்கே இருந்தால் உங்கள் கட்டுரையின் இணைப்பைச் சேர்க்கலாம், இல்லையென்றால் தொடரையே சேர்க்கலாம். வேறு துறையில் இருக்கும் ஒருவர் அதே எண்களைக் கண்டு, தேடிவந்து, உங்களை அடைவது இந்த வழியாகத்தான். சொந்தப் பெயரில் பதிய வேண்டும், தொகுப்பாளர்கள் திருத்தச் சொல்வார்கள், பொறுமையாகச் செய்யுங்கள்.

இசட்பிமேத் ஓப்பனிலும், அதைப் போன்ற இன்னொரு தரவுத்தளமான மேத்சைநெட்டிலும் உங்கள் பெயரில் ஆசிரியர் பக்கம் தானாக உருவாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, வேறு ஒருவர் கட்டுரை உங்கள் பேரிலோ உங்களுடையது வேறு பேரிலோ இருந்தால் எழுதுங்கள், திருத்துகிறார்கள்.

உங்கள் கைடின் பழைய கட்டுரைகள் பற்றியும் ஒரு வார்த்தை. சர்வதேசக் கணித ஒன்றியம் 2001-லேயே, கணிதவியலாளர்கள் எல்லாரும் தங்கள் கட்டுரைகளை மின்வடிவில் கிடைக்கச் செய்யுங்கள் என்று அழைப்பு விடுத்தது. நம் துறைகளின் அலமாரிகளில் இன்னும் அச்சுப் பிரதியாக மட்டும் கிடப்பவை எத்தனை! ஸ்கேன் செய்ததை ஆர்க்கைவ் எடுத்துக்கொள்ளாது. பதிப்புரிமை இடம் கொடுத்தால் ஸ்கேனை அவருடைய சொந்தப் பக்கத்தில் வைக்கலாம், அல்லது முக்கியமான ஒன்றிரண்டை அவரோடு உட்கார்ந்து லேடெக்கில் மறுபடி அடிக்கலாம். நான் ஒன்றை அடித்தேன், என் லேடெக் அதில்தான் நன்றாக வந்தது.

10. ஜர்னலும் சிமிலாரிட்டி அறிக்கையும்

ஆர்க்கைவில் இருப்பதைப் பல்கலைக்கழகம் வெளியீடாகக் கணக்கில் எடுக்காது, ஆகவே ஜர்னலும் வேண்டும். இங்கேதான் பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏழு நாளில் ஏற்பு என்று மின்னஞ்சல் வந்தால் ஒதுங்குங்கள். கணிதத்தில் ஒரு ரெஃபரி நிரூபணத்தை வரிவரியாகப் பார்க்க ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். நான் முதலில் அப்படி ஒரு ஜர்னலுக்கு 4,500 ரூபாய் கட்டினேன், ரெஃபரி அறிக்கை என்று இரண்டு வரி வந்தது, கட்டுரை இன்றுவரை எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. பணத்தைவிட அந்த முடிவை அங்கே புதைத்ததுதான் வருத்தம். இப்போது நான் செய்யும் சோதனை எளிது: ஜர்னல் பெயரை இசட்பிமேத் ஓப்பனில் தட்டுவது. அங்கே இல்லாத கணித ஜர்னல் என்றால் இரண்டு முறை யோசிப்பேன்.

எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காத நல்ல ஜர்னல்கள் இருக்கின்றன. எலெக்ட்ரானிக் ஜர்னல் ஆஃப் காம்பினடோரிக்ஸ் 1994-லிருந்து அப்படி நடக்கிறது, தரமும் கடினம். ஜர்னல் ஆஃப் இன்டிஜர் சீக்வென்சஸ் இன்னொன்று. ஆர். பாலசுப்பிரமணியனும் கே. ராமச்சந்திராவும் 1978-இல் தொடங்கிய ஹார்டி-ராமானுஜன் ஜர்னல் இப்போது எபிசயன்சஸ் என்ற தளத்தில் வருகிறது, எண் கோட்பாட்டுக்காரர்கள் பார்க்கவும். டிஸ்க்ரீட் அனாலிசிஸ் என்ற ஜர்னலில் கட்டுரை ஆர்க்கைவிலேயேதான் இருக்கும், ரெஃபரி பார்த்து ஏற்றதும் ஜர்னல் அதற்கு இணைப்புக் கொடுக்கும்.

கடைசியாக ஒரு பொறி, இது நம் நாட்டு ஆய்வு மாணவர்களுக்கு. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மென்பொருளில் ஒப்புமை பார்ப்பார்கள், யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. உங்கள் சொந்த ஆர்க்கைவ் கட்டுரை அதில் பொருந்தி, அறுபது எழுபது என்று சிவப்பாகக் காட்டும். பதறாதீர்கள். அறிக்கை எடுக்கும் நூலகரிடம் முன்கூட்டியே உங்கள் கட்டுரைகளின் பட்டியலை ஆர்க்கைவ் எண்களோடு கொடுங்கள், அவற்றை விலக்கி இரண்டாவது அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள், இவை இந்த மாணவரின் சொந்தக் கட்டுரைகள் என்று கைடிடம் கையெழுத்திட்ட ஒரு சான்றிதழ் வாங்கி இணையுங்கள். நிலையான குறியீடுகளும் சமன்பாடுகளும் விலக்கப்பட வேண்டும் என்று அந்த விதியிலேயே இருக்கிறது, தேவைப்பட்டால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். இதற்கெல்லாம் பத்து நாள் ஒதுக்குங்கள், சமர்ப்பிக்கும் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டம் வாங்கிக் கல்லூரியை விட்டுக் கிளம்பும்போது, நோ டியூஸ் கையெழுத்து வாங்குகிற அதே வாரத்தில், ஆர்க்கைவிலும் ஆர்க்கிட்டிலும் மின்னஞ்சலை உங்கள் சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள். கல்லூரி முகவரியை மூடிவிட்டால் கடவுச்சொல்லை மீட்கும் கடிதமும் அங்கேதான் போகும், உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டு யாராவது எழுதிய கடிதமும் அங்கேதான் போகும்.